பத்து மா நிலமும் ஒரு சம்பளச் சீட்டும்

ஜெர்மனியில், மன்ஹைமில், முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே ஒரு தொகை, கீழே ஒரு தொகை, நடுவில் ஏழெட்டு வரி. இரண்டு அர்த்தத்திலும் வரிதான். வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலை போனால் ஒரு காப்பீடு, வயசாகிப் படுத்தால் ஒரு காப்பீடு என்று கழித்துக்கொண்டே போய், நூறு யூரோவுக்கு அறுபது சொச்சம் மிஞ்சியது. மேலே இருப்பது ப்ருட்டோ, கீழே இருப்பது நெட்டோ. வேலை கிடைத்த ஜோரில் ஊரில் ப்ருட்டோவை மட்டும் சொல்லி வைத்திருந்தேன். குடவாசல் கடைத்தெரு வரைக்கும் அந்தத் தொகை போய்விட்டது.

அந்த ஊரில் குடியேறினால் முதல் வேலை, நகர அலுவலகத்தில் முகவரி பதிவது. விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு முன்னால் வந்த வேளாங்கண்ணிப் பக்கத்து நண்பன் ஒருவன் பெருமையாகக் 'கத்தோலிக்கம்' என்று எழுதிவிட்டான். வருமான வரியில் எட்டு சதவீதம் தேவாலய வரியாகத் தனியாகப் போக ஆரம்பித்தது. நான் கட்டத்தைக் காலியாக விட்டதில் தப்பித்தேன். சாமர்த்தியமெல்லாம் இல்லை, அந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை.

அடுத்து வந்தது ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவியே இல்லை என்று எழுதினேன். டிவிக்கு இல்லை, வீட்டுக்கு என்று பதில் வந்தது. ராத்திரி எங்கள் அலுவலகத்தைத் துடைக்க வரும் அம்மாவும் 18.36, பக்கத்து மலையடிவாரத்தில் நீச்சல்குளத்தோடு வீடு வைத்திருக்கும் எங்கள் மேலாளரும் 18.36. அரசு உதவித்தொகையில் வாழ்கிறவர்கள் விலக்குக் கேட்கலாம். ஆனால் அந்த அம்மா வேலை பார்க்கிறவர், அதனால் கட்டுகிறார்.

வருமான வரி அப்படியில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2025-இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,096 யூரோ வரை வரி கிடையாது. அதற்கு மேல் 14 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 68,480-ஐத் தாண்டிய பகுதிக்கு 42. முழுச் சம்பளத்துக்கும் 42 என்று நான் ஒரு வருஷம் தப்பாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், 2025-இல் மாதம் 5,512.50 யூரோ. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் சந்தா ஏறாது. என் சம்பளம் முழுக்க வரம்புக்குக் கீழே, மேலாளர் சம்பளத்தில் பாதி அதற்கு மேலே. பங்கு விற்று லாபம் பார்த்தால் பொதுவாக 25 சதவீதம்தான், அதோடு கொஞ்சம் கூடுதல் தீர்வை. சொத்து வரியை 1997-லிருந்து வசூலிப்பதே இல்லை. உடம்பால் உழைத்தால் ஒரு கணக்கு, பணம் உழைத்தால் வேறு கணக்கு என்று நான்கு வருஷமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன்.

போன தையில் ஊருக்கு வந்தபோதும் திண்ணையில் இதே கச்சேரிதான். அங்கே நாய் வளர்த்தாலும் வரி என்று சொன்னதைத் தவிர அத்தைக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. "நாய் வளத்தா வரியா? நெசமாவா சொல்ற?" என்று அதையே நாலு தடவை கேட்டது.

சம்பா அறுப்பு நேரம். நிலம் பார்க்கும் மாமா வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தாத்தா என் பேருக்கு எழுதிவைத்த பத்து மா நிலத்தை, ஏக்கர் கணக்கில் மூன்று சொச்சம், அவர்தான் குத்தகைக்கு உழுகிறார். அறுவடை மிஷின் வாடகை, டீசல் விலை என்று ஒரு சுற்றுப் பேசிவிட்டு, "நீங்கள்லாம் கட்டுறீங்க தம்பி. வரி கட்டுற அளவுக்கு நமக்கு எங்க வருமானம்?" என்றார்.

அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த மருந்துக்கடை பில்லை வாங்கிப் பார்த்தேன். நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு அடித்த மருந்து. விலை 850. அதன் கீழே பொடி எழுத்தில் மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம், ஆக 153 ரூபாய். கடைக்காரர் என்றால் வாங்கும்போது கட்டியதை விற்கும்போது கழித்துக்கொள்வார். நெல் விற்கும் விவசாயிக்கு அப்படிக் கழிக்க வழியில்லை, அது அவர் தலையோடு போச்சு. போனில் 199 ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்ணியிருந்தார், அதில் 30 ரூபாய் வரி. பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மருந்து வெலதானே தம்பி?" என்றார்.

அத்தை சும்மா இருக்குமா? கடையில் அரிசி இருபத்தாறு கிலோ சிப்பமாக வருவது ஏன் என்று கேட்டது. 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம். ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை. சிப்பமாக வாங்கக் காசிருக்கிறவர்களுக்கு வரி இல்லை, அஞ்சு கிலோ பாக்கெட்டாக வாங்குகிறவர்களுக்கு உண்டு. குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பர் 21 வரைக்கும் 18 சதவீதம் இருந்தது, இப்போது 5. நடவுக்கு வரும் பெண்களிடம் இத்தனை வருஷமும் யாரும் அதைச் சொன்னதில்லை.

பேசிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். குத்தகையாக எனக்கு வருகிற பணமும் இந்தியச் சட்டப்படி விவசாய வருமானம்தான், வருமான வரி கிடையாது. நிலவரி ரசீதைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சொற்பத் தொகை. இந்தப் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்தை 'இறையிலி' என்று வெட்டி வைத்திருப்பார்கள். என் பத்து மாவும் எனக்கு இறையிலி, சேற்றில் நிற்கிற மாமாவுக்கு இல்லை. மன்ஹைம் மேலாளரை நான் திட்டிய திட்டு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"மாமா, இந்த வருஷக் குத்தகையில மருந்து பில்லுல உள்ள வரிய மட்டும் கழிச்சுக்கிட்டு அனுப்புங்க."

"அது எதுக்குத் தம்பி? வழக்கமில்லாத வழக்கமா?" என்றார். ஆனாலும் பில்லை மறுபடி மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அப்பா செருமினார். "ஜெர்மன் கணக்கெல்லாம் ஜெர்மனியோட வச்சுக்கடா."