கழித்த சத்தம்

"ஆளுங்கள்லாம் எங்க தம்பி?" என்றுதான் பெரியவர் முதலில் கேட்டார். ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டதால் கடை முழுக்கக் கேட்டது. அவர் பேசியது டெக்சாஸ் ஆங்கிலம். எனக்குள் அது இப்படித்தான் பதிந்திருக்கிறது. 'நல்லா வந்திருக்கு' என்ற சொல்லுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு நாள் உழைப்பு.

ஆஸ்டினில் பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொடுக்கும் கடையில் எனக்கு அப்போது நான்காவது வருடம். பெரும்பாலும் கல்யாண டேப், சர்ச் பிரசங்கம், செத்துப்போனவர்களின் குரல். இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் பெரியவரின் மகள். 1974 என்று பென்சிலில் எழுதிய நான்கு ரீல்கள். கிழக்கு டெக்சாஸில், மது விற்கத் தடையுள்ள கவுன்ட்டியின் எல்லையைத் தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு ஹாங்கி டாங்க், அதாவது மேடையில் பாட்டும் தரையில் ஆட்டமுமாக இருக்கும் பார். பெரியவர் அங்கே 'கன்ட்ரி' என்கிற அமெரிக்கக் கிராமிய இசைக் குழுவில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கிற, கால்மிதி வைத்த கிட்டார் அது. கட்டடம் இப்போது இல்லை. "அப்பா வாசிக்கிறது தெளிவாக் கேட்டாப் போதும்," என்றார் மகள். ஆர்டர் சீட்டிலும் அதையேதான் எழுதினேன். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

பாட்டு தனி, குரல் தனி, கூட்டம் தனி என்று பிரிக்கிற மென்பொருள் இருக்கிறது. பீர் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதுகிற ஓசை, கல்லாப்பெட்டி, நடனத் தரையில் பூட்ஸ் தேய்வது, யாரோ ஒருத்தியின் நீளமான சிரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். மிஞ்சியதில் டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டு மட்டும் தண்ணீருக்குள் தட்டியதுபோல ஆகிவிட்டது. அதையும் ஓரளவு சரிக்கட்டினேன். நிஜமாகவே நன்றாக வந்திருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் கேட்ட பிறகுதான், எனக்குத் தெரிந்திருந்தும் தோன்றாத ஒன்று தோன்றியது. அந்தக் கன்ட்ரி இசையைச் செய்ததே அந்தச் சத்தம்தான். 1933-இல் அமெரிக்கா முழுக்க இருந்த மதுவிலக்கு முடிந்ததும் எண்ணெய் வயல் ஊர்களைச் சுற்றி இந்த பார்கள் முளைத்தன. வீட்டுத் திண்ணையில் ஃபிடிலும் பாஞ்சோவும் வைத்து வாசித்த பாட்டு, சம்பள நாள் கூட்டத்துக்கு நடுவே எடுபடவில்லை. மதியம் ஜூக்பாக்ஸில், அதாவது காசு போட்டால் பாடும் பெட்டியில், நன்றாக ஓடுகிற உன் ரெக்கார்டு, ராத்திரி கூட்டம் சேர்ந்தால் கேட்பதே இல்லை என்று டெக்சாஸ் பாடகர் எர்னஸ்ட் டப்பிடம் ஒரு ஜூக்பாக்ஸ்காரர் சொன்னதாகக் கதை உண்டு. 1941-இல் வந்த அவருடைய 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' பாட்டில் மின்சார கிட்டார் இருக்கிறது. ஸ்டீல் கிட்டாருக்கு மின்சாரம் ஏறியதும், டிரம்ஸ் வந்ததும், சொற்கள் சுருங்கி நேராக முகத்துக்கு வந்ததும் இந்த இரைச்சலை ஜெயிக்கத்தான். எதிராளியை மேடையிலிருந்து இறக்கிவிட்டு மல்யுத்தம் காட்டியதுபோல ஆகிவிட்டது என் வேலை.

ஆனாலும் ஒன்று. கேட்டது மகள். காசு கொடுத்தது மகள்.

அவர் அதற்கு மேல் கோபப்படவில்லை. மூன்றாவது ரீல் வரை கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் பேச்சு அசல் கன்ட்ரி பக்கம் போயிற்று. அவருக்கு, 1956-இல் 'கிரேஸி ஆர்ம்ஸ்' பாடியவர்தான் கன்ட்ரி பாடகர் ரே ப்ரைஸ். 1970-இல் ஆர்கெஸ்ட்ரா வயலின் கூட்டத்தோடு 'ஃபார் த குட் டைம்ஸ்' பாடியவர் வேறு யாரோ. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு, கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லில் சிறந்த பாடகி விருது கொடுத்த வருடம்தான் இந்த டேப் என்றார், ஏதோ துக்கத் தேதியைச் சொல்வதுபோல. அடுத்த வருடம் அதே மேடையில் பாடகர் சார்லி ரிச், விருது பெறுபவராக பாப் பக்கம் சாய்ந்த ஜான் டென்வரின் பெயர் இருந்த சீட்டை லைட்டரால் கொளுத்தியதைச் சொல்லிச் சிரித்தார். அந்த சார்லி ரிச்சே பாதி ஜாஸ்காரர் என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் மடியில் வைத்து வளர்த்த ஸ்டீல் கிட்டார் ஹவாயிலிருந்து வந்தது, பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதும். சொல்லவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்த நான், அசல் எது என்று அவருக்குப் பாடம் எடுப்பதா?

மூன்றாவது ரீலின் கடைசியில் 'ப்ரவுட் மேரி' வந்தது. 1969-இல் கலிஃபோர்னியா ராக் குழு ஒன்று பாடிப் பெரிதாக ஓடிய பாட்டு. பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"இது நாங்க வாசிச்சது இல்ல."

"டேப்புல இருக்கே சார்."

"இது கன்ட்ரி இல்ல. எடுத்துடு."

நான் சொன்னேன்: "டேப்புல இருக்கறத நாங்க வெட்டறதில்ல சார்."

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம். "அப்படியா," என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த 'அப்படியா'வை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன். இருநூறு பேரைக் கழித்தவன் ஒரு பாட்டைக் கழிக்க மாட்டேன் என்கிறான் என்ற ஏளனமா? இல்லை, வெறும் அலுப்பா? அன்றைக்கு எனக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. மகள் தலையசைத்ததும் வெட்டிக் கொடுத்துவிட்டேன். ஆக, சொன்ன கொள்கையும் ஐந்து நிமிடம் தாங்கவில்லை.

கழிக்காத மூலப் பிரதியை ஒரு மாதம் கழித்து, அழிப்பதற்கு முன்னால் ஒருதரம் ஓட்டினேன். ஏன் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. மூன்றாவது ரீலில், 'ப்ரவுட் மேரி'க்கு முன்னால், மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் குரல் அந்தப் பாட்டைக் கேட்கிறது. அந்த நீளமான சிரிப்புக்காரிதான். ஓர் ஆண் குரல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவைதான் என்கிறது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து மூன்று ரீல் தூரம் நான் கேட்ட அதே குரல், ஐம்பது வருடம் இளையது. பாட்டைத் தொடங்குவதும் ஸ்டீல்தான். கிட்டார்காரர் தடுமாறி அப்புறம் சேர்ந்துகொள்கிறார்.

அவர் மறந்துபோயிருந்தார், இந்தக் குரல் இருந்திருந்தால் நினைவு வந்திருக்கும், நான்தான் அதைத் துடைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் புழுங்கினேன். பிறகு வேறொன்று தோன்றியது. ஒருவேளை அவருக்கு நன்றாகவே நினைவிருந்திருக்கலாம். மகள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அசல் கன்ட்ரி என்று அவர் சொன்னதை நான் அப்படியே இசை விவாதமாக எடுத்துக்கொண்டு, ஹவாய், ஆப்பிரிக்கா என்று மனதுக்குள் ஆதாரம் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெயர் மகளின் அம்மாவுடையதாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அம்மாவுடையது என்றால் அந்தச் சிரிப்பை மகள் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் கழித்ததே நல்லது. இரண்டில் எது என்று கேட்க எந்த முகத்தோடு போன் போடுவது?

வேலை முடிந்து தொண்ணூறு நாளில் மூலத்தை அழித்துவிட வேண்டும் என்பது கடை விதி. அந்தக் கடையை விட்டு நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஃபைல் என் வீட்டு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. 'ரீல் 3, கழிக்காதது' என்று பெயர் வைத்திருக்கிறேன்.