கோயில் ஏட்டில் பாட்டனைப் பிடிக்கப் பாட்டியைத் தேடுங்கள்

கொழும்புக் கத்தோலிக்கக் குடும்பங்களின் வேர் தேடுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். பாட்டனின் பெயர் தெரியும், அவருடைய தகப்பன் பெயர் ஒரு முதலெழுத்தாகத் தெரியும், அதற்கு மேல் ஆளைக் காணவில்லை. தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற நமக்கு, ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நூல் அறுந்துவிடும். கோயிலின் ஞானஸ்நான, விவாக ஏடுகளில் பெண்வழியாகப் போய்ப் பாருங்கள்.

முதல் சிக்கல், எந்தக் கோயில் என்பது. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தகப்பன் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தாலும் மூத்த பிள்ளைக்கு மன்னாரிலோ சிலாபத்திலோ ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். மூத்தவர் கொழும்பில் அகப்படாவிட்டால் அவருடைய தம்பி தங்கைகளைத் தேடுங்கள். அவர்களின் பதிவில் தாயின் பெயரும், சில வேளை அவளுடைய ஊரும் இருக்கும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் தாய்மாமனும் சின்னம்மாவும்தான். இன்னொன்று: புதிய பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) பிரிந்தபோது பழைய ஏடுகள் தாய்ப்பங்கிலேயே தங்கியிருக்கும். உங்கள் பங்கு எப்போது, எதிலிருந்து பிரிந்தது என்று சுவாமியார் தங்கும் அறைவீட்டில் முதலில் கேளுங்கள்.

என் கணிப்பில் மிகப் பெரிய புதையல் விவாக ஏடுதான். அரசாங்க விவாகப் பதிவில் மணமக்களின் தகப்பன்மார் பெயர் மட்டுமே இருக்கும். கோயில் ஏட்டில் தாய்மாரின் பெயரையும் ஞானஸ்நானம் பெற்ற இடத்தையும் எதிர்பார்க்கலாம். அதோடு நிறுத்தாமல் விலக்கு, அதாவது தடையை நீக்கித் தரும் அனுமதி, பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். மச்சானும் மச்சாளும் கட்டுவது நமக்கு முறை. திருச்சபைக்கு அது தடை. ஆகவே சுவாமியார் விலக்கு வாங்கி, அதை ஏட்டில் எழுதவேண்டும். இரத்த உறவைக் குறிக்கும் 'கொன்சாங்குயினித்தாஸ்' என்ற இலத்தீன் சொல்லோடு இரண்டாம் படி என்றிருந்தால் இருவருக்கும் பாட்டன் பாட்டி ஒன்று. மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. 1918க்கு முன் நான்காம் படிவரை தடை இருந்ததால், பழைய ஏடு இன்னும் ஒரு தலைமுறை மேலே கைகாட்டும். இந்த ஒரே வரியால் இரண்டு குடும்ப மரங்கள் ஒன்றாக இணைந்துவிடும்.

இங்கே இரண்டு இடத்தில் பிழை வரும். 'அஃபினித்தாஸ்' என்றிருந்தால் அது இரத்த உறவல்ல, திருமணத்தால் வந்த உறவு. மனைவி இறந்தபின் அவள் தங்கையைக் கட்டியவரின் பதிவில் இதைக் காணலாம். அதை இரத்த உறவென்று எடுத்தால் இல்லாத பாட்டனை மரத்தில் ஏற்றிவிடுவீர்கள். இரண்டாவது, 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டம் எண்ணும் முறையையே மாற்றியது. அதன்பின் அதே மச்சான் மச்சாள் உறவு நான்காம் படி.

1908 உயிர்த்த ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, திருமணம் நடந்தால் மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்கே அவர்களின் பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும். கொழும்புக்குப் போய்க் காணாமற்போன மகனை இப்படி ஊர்க் கோயிலிலிருந்தே பின்தொடரலாம். ஓரம் வெறுமையாக இருந்தால் அவர் கட்டவில்லை என்று முடிவெடுக்கவேண்டாம். அறிவித்தல் வந்து சேராமலும் போயிருக்கலாம்.

திகதியில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்று எழுதி அருகில் 'ப்ரிஸ்' என்றிருந்தால் அது செப்டெம்பர், ஜூலை அல்ல. அப்படியே 8 ஒக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். பிள்ளை பிறக்குமுன்னே ஞானஸ்நானம் நடந்ததாக உங்கள் குறிப்பில் வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள். பெயரிலும் அப்படித்தான். வீட்டில் சந்தியாகு அல்லது யாகப்பர் என்றவர் ஏட்டில் யாக்கோபுஸ். இராயப்பு பெத்ருஸ், சின்னப்பு பவுலுஸ், அருளப்பு யொவான்னெஸ், சூசை யோசேபுஸ். கடைசிப் பக்கங்களில் பெயர் அட்டவணை இருந்தால் இந்த வடிவங்களிலெல்லாம் தேடுங்கள், பிறகும் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

கோயிலுக்குப் போகுமுன் 1867க்குப் பிந்திய பிறப்பு, இறப்புப் பதிவுகளை எடுத்துவிடுங்கள். அந்த ஆண்டில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. சுவாமியாரிடம் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஆளின் பெயர், தாய் தகப்பன் பெயர், முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு வீச்சு, இவற்றைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். கையில் பென்சில் மட்டும். அனுமதி கிடைத்தால் ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் படம் எடுங்கள். பழைய மை தாளை அரித்துப் பின்பக்க எழுத்து ஊடே தெரியும். தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் எழுத்துப் பிரிந்து தெரியும்.

1796க்கு முன் போனால் கத்தோலிக்க ஏட்டை மட்டும் நம்பமுடியாது. அதுவரை ஆண்ட டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடுத்திருந்தார்கள். ஆனால் திருமணமும் பிள்ளைகளின் முதுசமும் சட்டப்படி நிற்க டச்சுத் திருச்சபைப் பதிவு தேவைப்பட்டது. அதனால் இரகசியமாகச் செபமாலை சொன்ன குடும்பங்களின் பெயரும் பள்ளி உபாத்தியாயர்கள் எழுதிய பள்ளித் தோம்புகள் என்ற பதிவேடுகளில் கிடக்கிறது. அவற்றைக் கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடத்தில் கேட்டுப் பார்க்கவேண்டும். எழுத்து டச்சு மொழியில் இருக்கும். டச்சுத் திருச்சபை ஏடுகள் பலவற்றின் படங்களை ஃபெமிலிசேர்ச் இணையத்தளத்தில் இலவசமாகவே திறக்கலாம். அங்கேயும் தகப்பன் பெயரில் ஒன்றும் கிடைக்காவிட்டால் தாயின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.