அம்மாவும் அந்த இரும்புக் குண்டும்

காலை 5:30 மணிக்கு எங்கள் வீட்டில் முதலில் கேட்பது அந்த டிர்ர்ர் சத்தம்தான். அம்மா சாப்பாட்டு மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி உட்கார்ந்து, நெஞ்சுச் சளியை இளக்கும் ஃப்ளட்டர் என்ற சின்னக் கருவியை ஊதிக்கொண்டிருப்பார். காபியெல்லாம் அப்புறம்தான்.

அம்மாவுக்கு இளவயதில் டிபி வந்தது. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். ஆனால் இடது நுரையீரலின் மூச்சுக்குழாய்கள் சில அப்போதே விரிந்து தளர்ந்துவிட்டன. ப்ராங்கியெக்டாசிஸ் என்கிறார்கள். அந்த இடத்தில் சளி தானாக மேலே ஏறி வராது. தேங்கினால் கிருமி சேரும், காய்ச்சல் வரும், குழாய் இன்னும் கெடும்.

பல வருடம் அப்பாதான் தினமும் அம்மாவை தலையணைமேல் சாய்த்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டிவிடுவார். அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோதுதான் இந்தக் கருவியைத் தேடினேன்.

பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. சின்னப் புகைக்குழாய் வடிவம். தலைப்பகுதியில் ஒரு கூம்பு, அதில் கோலிக்குண்டு அளவில் இரும்புக் குண்டு, மேலே ஓட்டை போட்ட மூடி. மூச்சை விடும்போது குண்டு எழும்பி எழும்பி விழும். அந்த அதிர்வு மூச்சுக்கு எதிர்த்திசையில் உள்ளே போய்க் குழாய்ச் சுவரில் ஒட்டிய சளியை இளக்கும். குண்டின் எடையால் உண்டாகும் அழுத்தம், மூச்சை விடும்போது குழாய்கள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

ஆனால் முதல் இரண்டு வாரம் ஒரு பயனும் இல்லை. அம்மா பலூன் ஊதுவதுபோல் ஊதினார், நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண்ணிடம் போனோம். அவர் அம்மாவின் கன்னத்தில் இரண்டு விரலை வைத்தார். "இங்கதான் ஆடுதும்மா, நெஞ்சுல ஆடல. கன்னத்தை உப்ப விடாதீங்க." பிறகு என் கையை எடுத்து அம்மாவின் முதுகில் வைத்து, குழலைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார், சாய்த்தார். ஒரு கோணத்தில் விலா எலும்பு முழுக்க என் உள்ளங்கைக்குள் நடுங்கியது. அதுதான் அம்மாவுக்கான கோணம்.

நிதானமாக மூச்சை இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, பிறகுதான் விட வேண்டும். இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டு பத்துத் தடவையாவது செய்ய வேண்டும். கருவி சளியை இளக்கி மேலே தள்ளும், அவ்வளவுதான். வெளியே எடுப்பது 'ஹஃப்'. மூக்குக்கண்ணாடி துடைக்க ஆவி விடுவோமே, அதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று அழுத்தி விடுவது. எனக்கு இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இது சரிப்படாது, குண்டு கீழே விழுவதை நம்பித்தானே வேலை செய்கிறது. அவர்களுக்குக் காந்தமும் நெம்புகோலும் வைத்த அகபெல்லா என்ற கருவி இருக்கிறது. அதை எந்த நிலையிலும் ஊதலாம். நெஞ்சையே குலுக்கும் காற்றுச் சட்டையும் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வாரன் வார்விக்கும் லேலண்ட் ஹான்சனும் சளி கெட்டியாகித் தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்காக உருவாக்கியது. இருமவே சக்தியில்லாத தசைநோய்க்காரர்களுக்கு, காற்றை உள்ளே தள்ளிச் சட்டென்று உறிஞ்சி இருமலையே உண்டாக்கும் இயந்திரம் இருக்கிறது. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது.

போன மாதம் அம்மா கோவில்பட்டியில் சித்தி வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார். முதுகு தட்ட ஆளில்லை என்று இத்தனை வருடம் எங்கேயும் இரவு தங்கியதில்லை. கிளம்பும் முன் குழலைப் பிரித்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, குண்டைத் தனியாகத் துடைத்து, ஈரம் போக வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தார். காய்ந்ததும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, புடவைகளுக்கு நடுவில் தானே எடுத்து வைத்துக்கொண்டார்.