நோகேல்லை, ஆனால் தெரியுது

போன மாதம் அப்பாவுக்கு ஹேர்னியா ஒபரேஷன். 72 வயது, வாழ்நாளில் ஒருநாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்காத மனிதர். "முழு மயக்கம் தேவையில்லை, முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ விறைக்கப்பண்ணிச் செய்வம்" என்று டொக்டர் சொன்னதோடு ஆள் அடங்கிப்போனார். கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகப் பேப்பரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார், "பிள்ளை, உனக்கும் இந்த ஊசிதானே போட்டவை? வெட்டேக்க தெரியுமோ?"

தெரியும் அப்பா, என்றேன்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏன் பிள்ளை அந்த மனுசனைப் பயப்பிடுத்துறாய்? ஒண்டும் தெரியாது எண்டு சொல்லன்!"

அந்த "ஒண்டும் தெரியாது"தான் என்னுடைய பிரச்சினையே. அதை நம்பித்தான் மூன்று வருடங்களுக்கு முன் நான் தியேட்டருக்குள் போனேன்.

மகள் தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் சிசேரியன் என்று முதலே முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், ஆனால் கிளினிக்கில் ஒருவருக்கும் எனக்கு விளக்கம் சொல்ல நேரமிருக்கவில்லை, "ஒன்றும் தெரியாது, பயப்படாதீங்க" என்பதோடு சரி. தியேட்டர் என்றால் அப்படி ஒரு குளிர். கட்டில் ஓரத்தில் இருத்தி, ஒரு தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, பின்னால் நின்ற மயக்க மருந்து டொக்டர் "கொந்த நவன்ன, கொந்த நவன்ன" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதுகை வளை என்கிறார். ஒன்பது மாத வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே வளைவது? நர்ஸ் மிஸ் ஒருவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். முதலில் தோலுக்கு ஒரு சின்ன ஊசி, அதுதான் சுள்ளென்று எரிந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய பயத்துக்குரிய ஊசி வெறும் அழுத்தம் மட்டும்தான். சில விநாடிகளில் இரண்டு பாதமும் சூடாகின, வெந்நீரில் கால் வைத்தது போல. உடனே "படுங்க, படுங்க" என்று அவசரமாக மல்லாத்திப் போட்டார்கள்.

அந்த அவசரத்துக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த மருந்தின் பெயர் பூபிவகெய்ன். 1957இல் சுவீடனில் உருவாக்கியது. மார்கெய்ன் என்ற பெயரிலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகெலும்புக்குள் போடுவதற்கென்றே அதில் குளுக்கோஸ் கலந்த ஒரு வகை இருக்கிறது, "ஹெவி" என்று சொல்கிறார்கள். முள்ளந்தண்டுக்குள் நரம்புகளைச் சுற்றியிருக்கும் நீரைவிட அது கனமானது, ஆகவே சீனிப்பாகு தண்ணீருக்குள் இறங்குவது போல எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் ஓடும். இருத்தி வைத்தே இருந்தால் கீழேயே தங்கிவிடும். படுக்க வைத்துக் கட்டிலைக் கொஞ்சம் சரித்தால் வேண்டிய உயரத்துக்கு ஏறும். சிசேரியனுக்கு மார்பு மட்டத்துக்கு விறைக்க வேண்டும். ஹேர்னியாவுக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. இத்தனைக்கும் உள்ளே போவது இரண்டு, இரண்டரை மில்லிலீட்டர், தேயிலைக் கரண்டியில் பாதி. இரண்டு நிமிடத்தில் என் கால் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது.

ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில், விலாவில், பிறகு தோளில் வைத்து "சீதலயித?" (குளிருதா?) என்று கேட்டுக்கொண்டே வந்தார் டொக்டர். தோளில் ஜில்லென்றிருந்தது, வயிற்றில் பஞ்சு பட்டது தெரிந்தது, ஆனால் குளிரவில்லை. இடையில் பிரஷர் இறங்கி ஓங்காளித்தது, அதற்கும் ஏதோ மருந்து ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. எல்லாம் நல்லபடி போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் வயிற்றுக்குள் யாரோ இரண்டு கையையும் விட்டு எதையோ தேடிப் பிசைந்து இழுப்பது போல ஒரு உணர்வு. நான் கத்தினேன், "ரிதெனவா! ரிதெனவா!"

தியேட்டரே நின்றுவிட்டது. மயக்க மருந்து டொக்டர் என் முகத்துக்கு நேரே குனிந்து நிதானமாகக் கேட்டார், "ரிதெனவாத? தெனெனவாத?"

சிங்களத்தில் ரிதெனவா என்றால் நோகிறது. தெனெனவா என்றால் உணர்கிறது, அவ்வளவுதான். ஒரு விநாடி யோசித்தேன். நோகிறதா? இல்லை. இழுபடுகிறது, அமுங்குகிறது, யாரோ என் வயிற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டி ஆக்கிவிட்டார்கள், ஆனால் நோகவில்லை. "தெனெனவா," என்றேன். அவர் தலையாட்டினார், வேலை தொடர்ந்தது, ஐந்து நிமிடத்துக்குள் மகள் கத்தும் சத்தம் கேட்டது.

ஏன் அப்படி என்றால், நரம்பு இழைகள் எல்லாம் ஒரே தடிப்பில் இல்லை. செய்தி கடத்துவதற்கு நரம்புக்குள் சோடியம் நுழைய வேண்டும், இந்த மருந்து அந்த வாசலை அடைத்துவிடுகிறது. குளிரையும் கூர்மையான நோவையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் முதலில் மடங்கும். தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் தடித்த இழைகள் அவ்வளவு லேசில் மடங்குவதில்லை. அதனால்தான் பஞ்சு பட்டது தெரிந்தும் குளிரவில்லை. யாராவது முதல்நாள் இதை இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் நான் அப்படிக் கத்தியிருக்கமாட்டேன். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: உண்மையாகவே வெட்டுவது போல, கொதிப்பது போல நொந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். ஊசி சிலருக்குச் சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு, அதற்கு வேறு மருந்து கொடுப்பார்கள், தேவையென்றால் முழு மயக்கமும் கொடுப்பார்கள்.

தங்கச்சியின் கதை வேறு. அவளுக்குச் சாதாரண பிரசவம், தனியார் ஆஸ்பத்திரி, நோவை அடக்க முதுகில் மருந்து செலுத்தும் எபிடியூரல் கேட்டு வாங்கினாள். (என் சிநேகிதிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெத்திடின் என்ற நோ குறைக்கும் ஊசிதான் கிடைத்தது. அரைத் தூக்கத்தில் நோவோடு கிடந்தேன் என்றாள்.) மருந்து அதே பூபிவகெய்ன்தான், ஆனால் நன்றாக ஐதாக்கி, 0.1 வீதம் அளவில், ஃபென்டனில் என்ற நோ அடக்கும் மருந்தும் கொஞ்சம் கலந்து, நீர் இருக்கும் உறைக்குள் போகாமல் அதற்கு வெளியே ஒரு மெல்லிய குழாயை வைத்துச் செலுத்துவார்கள். பிடிக்க இருபது நிமிடம் செல்லும். குத்து வருவது தெரியும், முக்கவும் முடியும், நோ மட்டும் அடங்கிவிடும். குழாய் இருப்பதால் வேண்டிய நேரம் கூட்டிக் கொடுக்கலாம். முதல் முறை மருந்து ஏற்றும்போது "காதுக்குள்ள இரையுதா? வாயில இரும்பு மாதிரி இருக்கா?" என்று கேட்டார்களாம், இவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அது சிரிப்புக் கேள்வி இல்லை. தப்பித்தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் முதலில் காட்டும் அடையாளங்கள் அவை. இந்த மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் கலந்தால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. 1980களில் அமெரிக்காவில் 0.75 வீதக் கரைசலைப் பிரசவத்துக்குப் பாவிக்கக் கூடாது என்று நிறுத்தியதும் இதனால்தான். இப்போது அப்படி நடந்தால் நரம்பில் ஏற்றக் கொழுப்புக் கரைசல் இருக்கிறது. அது மருந்தை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும்.

தங்கச்சிக்கு நடந்த கெட்டது வேறொன்று. இரண்டாம் நாள் எழும்பி இருந்தால் மண்டை பிளக்கிற தலையிடி, படுத்தால் காற்றாய்ப் பறந்துவிடும். நித்திரை இல்லாததால் வருகிறது என்று வார்ட்டில் பனடோல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒன்றரை நாள்! மயக்க மருந்து டொக்டர் வந்து பார்த்த பிறகுதான் ஊசி அந்த உறையைத் துளைத்துவிட்டது, நீர் கசிகிறது என்று தெரிந்தது. அவளுடைய கையிலிருந்தே இரத்தம் எடுத்து அதே இடத்தில் செலுத்தினார்கள், துளை அடைபட்டது, அன்றைக்கே எழும்பி இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். இருந்தால் வலித்து, படுத்தால் விடும் தலையிடி என்றால் நீங்களே கேளுங்கள், எபிடியூரல் போட்டது என்று ஞாபகப்படுத்துங்கள்.

இந்தத் தலையிடி புதிதும் இல்லை. 1898இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இந்த முறையைச் செய்யத் தொடங்கிய காலத்தில் தன் உதவியாளரின் முதுகில் கொகெயின் ஏற்றி, பிடித்ததா என்று பார்க்க அவர் காலில் சுருட்டால் சுட்டும் சுத்தியலால் அடித்தும் பார்த்தாராம். பிறகு இருவரும் நல்லாகச் சாப்பிட்டு வைனும் குடித்தார்கள், அடுத்த நாள் இருவருக்கும் தலையிடி. பியருக்கும் முதலே ஊசி குத்தி நீர் வழிந்திருந்தது, ஆகவே பழியை வைனில் மட்டும் போட முடியாது.

எங்கள் வீட்டில் ஆனால் பேச்செல்லாம் நாரி நோவைப் பற்றித்தான். "அந்த ஊசி போட்டாளெண்டா பிறகு சாகும்வரைக்கும் நாரிப்பிடிப்பு" என்று மாமி சொல்லாத நாளில்லை. எனக்கும் நாரி நொந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசி போடாமல் பெற்ற என் சிநேகிதிக்கும் அதே அளவு நொந்தது. குத்திய இடம் ஓரிரு நாள் நோகும். நீண்டகால முதுகு வலிக்கும் எபிடியூரலுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. ஒன்பது மாதம் சுமந்ததும் பிறகு குனிந்து குனிந்து பால் கொடுத்ததும் கணக்கில் வராதோ? 2023இல் இங்கே ஒரு விறைப்பு மருந்தின் பாவனையைத் தற்காலிகமாக நிறுத்திய செய்தி வந்தபோதும் மாமி போன் எடுத்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், அது வேறு பயம். நாரிக் கதை வேறு.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன், தலையிடி உட்பட. அம்மா குசினிக்குள் போய்விட்டார். அப்பா இரத்தம் கட்டாமலிருக்கக் குளிசை போடுபவர், அதை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று டொக்டரிடம் நாங்களே கேட்டோம். முதுகெலும்புக்குள் இரத்தம் கசிந்தால் பெரிய வில்லங்கம். டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கியிருப்பவர்களுக்கும் இதே காரணத்துக்காக இந்த ஊசிக்கு யோசிப்பார்கள். முதல்நாள் இரவு என்னிடம் இரண்டு சிங்களச் சொல்லையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். அறுபது வருடமாகக் கொழும்பில் இருந்தும் மனிதருக்குச் சந்தைச் சிங்களம் மட்டும்தான்.

ஒபரேஷன் முடிந்து வார்ட்டுக்குக் கொண்டுவந்தபோது ஆள் சிரித்துக்கொண்டு வந்தார். "இழுத்தவங்கள் பிள்ளை, நல்லாத் தெரிஞ்சது. டொக்டர் கேக்க, தெனெனவா, ரிதென்னே நெஹெ எண்டன். அவன் சிரிச்சிட்டான்." பிறகு போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைத் தடவிப் பார்த்து, "இது ஆற்றை கால்?" என்றார். மூன்று மணிக்குப் பெருவிரல் ஆடியது. நாலரை மணிவரைக்கும் சலம் போகவில்லை, மிஸ் இரண்டு முறை வந்து கேட்டுப் போனார், குழாய் போட வேண்டிவருமோ என்று எனக்கு யோசனை. ஐந்து மணிக்கு ஒருவாறு போனது. உடனே தேத்தண்ணீர் கேட்டார், சீனி கூடப் போட்டு.