இன்னும் ஒரே ஒரு சீசன்

ரைடர் ஒருத்தன் நிறுத்திக்கிறேன்னு சொன்னா நம்மாளுங்க மொதல்ல பாக்கறது அவன் வீட்டு ஷெல்ஃப்ல எத்தன கப் இருக்குன்னுதான். ரயன் வில்லபோட்டோ 2011ல இருந்து 2014 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் அமெரிக்க சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துல மண் மேடு போட்டு நடத்தற பைக் ரேஸ்) சாம்பியன், 2015ல உலக சாம்பியன்ஷிப் ஓட்டப் போனாரு, இத்தாலில விழுந்து வால் எலும்புல அடி, அந்த வருஷமே 26 வயசுல போதும்னுட்டாரு. ரயன் டஞ்சி 2017ல பட்டத்த ஜெயிச்ச கொஞ்ச நாள்லயே 27 வயசுல நிறுத்திட்டாரு. அவங்களுக்கெல்லாம் மரியாதையா வழியனுப்பி வெச்சாங்க. எங்க பையன் 23 வயசுல அதையே சொன்னப்ப ஏற்காட்டுல அவன் சொந்தக்காரங்க பேசினதும், கீழ சேலம் அஸ்தம்பட்டி டீக்கடைல பசங்க பேசினதும் இங்க எழுதற மாதிரி இல்ல.

எங்க பையன்னு சொல்றேனே தவிர சொந்தம் கிடையாது, அவன் வண்டிய நான்தான் பாத்துக்கிட்டேன். வாய் தொறந்து சொல்றதுக்கு முன்னாடியே வண்டி சொல்லிடும். நல்லா ஓட்டற ரைடர் வண்டிய முட்டியாலதான் பிடிப்பான், அதனால ரெண்டு பக்கமும் முட்டி படற இடத்துல ஸ்டிக்கர் தேஞ்சு வெளுத்துப் போயிருக்கும். கடைசி சீசன்ல அவன் வண்டில அந்த ஸ்டிக்கர் புதுசாவே இருந்துச்சு, ஆனா ஹேண்டில்பார்ல கை பிடிக்கற ரப்பர் கிரிப் ரெண்டும் பிஞ்சு வந்துச்சு. மொத்த பாரத்தையும் கையில தாங்கறான்னு அர்த்தம். அப்படிப் பிடிச்சா ஆர்ம் பம்ப் வராம என்ன பண்ணும்? முன்னங்கை தசை வீங்கும், அத சுத்தி இருக்கற உறை அதுக்கு எடம் குடுக்காது, ரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு கை கல்லாயிடும், விரல் பிரேக் லீவர்ல இருக்கா இல்லையான்னே தெரியாது. ஃபோர்க் செட்டிங்க மாத்திப் பாத்தேன், ஹேண்டில்பார மாத்திப் பாத்தேன். ஒரு நாள் அவனே சொன்னான், "அண்ணா, செட்டிங்ல ஒண்ணும் இல்லண்ணா. ஊப்ஸ்ல போயிட்டிருக்கேன், நைட்டு என்ன சாப்பிடலாம்னு மனசு யோசிக்குது"ன்னு.

ஓட்டாதவங்களுக்கு இது சாதாரணமாத் தெரியும். ஊப்ஸ்னா வரிசையா மண் மேடு, மேட்டோட தலைய மட்டும் தொட்டுக்கிட்டு ஃபுல் ஸ்பீடுல தாண்டணும், ஒண்ணு தப்பினா முன் வீல் உள்ள எறங்கி ஆள் பார் மேல பறப்பான். அங்க சாப்பாடு ஞாபகம் வருதுன்னா, பயம்னு சொன்னாக்கூட நான் இவ்ளோ பதறியிருக்க மாட்டேன்.

அப்புறம்தான் அவங்க அப்பா மிளகு லோடோட கீழ எறங்கி வந்தாரு. வந்து ரொம்ப நேரம் எதுவும் பேசல, செயின அப்படியே தொட்டுப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், "தம்பி, நான் சொன்னா எடுபடாது, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான். இன்னும் ஒரே ஒரு சீசன். இப்பதான் லீக்கு அது இதுன்னு வந்திருக்கு, ரைடர ஏலம் எடுக்கறாங்களாமே"ன்னாரு. நான், "இல்லீங்க, அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்"னேன். "ஏன் தம்பி?"ன்னாரு. "சொன்னா ஓட்டுவான், அதாங்க"ன்னேன். அவ்ளோதான் பேச்சு.

இதத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கறேன். அவர் கேட்டதுல நியாயம் இருந்துச்சு. 2024 ஜனவரில புனேல இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் ஆரம்பிச்சப்பதான் நம்ம ஊர்ல இந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் காசு வரும்னு ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடியெல்லாம் டயர் காசு கைக்காசு, அடிபட்டா ஆஸ்பத்திரி காசும் கைக்காசு. காப்பித் தோட்டத்துல ஒரு பகுதிய குத்தகைக்கு விட்டுத்தான் வண்டியே எடுத்தாரு அந்த மனுஷன். கதவு தொறக்கற நேரத்துல பையன் திரும்பி நடந்தா எந்த அப்பனுக்கு வயிறு எரியாது?

ஆனா அமெரிக்காவ எடுத்துக்கோங்க, சூப்பர்கிராஸ் மட்டும் ஜனவரில இருந்து மே வரைக்கும் 17 ரவுண்டு, அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அவுட்டோர், அதாவது வெட்டவெளி மண் டிராக்ல ஓட்டற மோட்டோகிராஸ், அதுல ஒரே நாள்ல ரெண்டு மோட்டோ, அதாவது ரெண்டு ரேஸ், ஒவ்வொண்ணும் 30 நிமிஷமும் ரெண்டு லேப்பும், 2023ல இருந்து அதுக்கும் மேல பிளேஆஃப் வேற. வில்லபோட்டோ, டஞ்சி, அவங்களுக்கு முன்னாடி 2007ல 27 வயசுல விலகின ரிக்கி கார்மைக்கேல், மூணு பேருக்கும் ஆல்டன் பேக்கர்னு ஒரே டிரெய்னர். அந்தப் பயிற்சிதான் ஆள சக்கையா புழியுதுன்னு ஒரு கூட்டம் சொல்லும், அது இல்லேன்னா பட்டமே இல்லன்னு இன்னொரு கூட்டம் சொல்லும். டஞ்சி விலகினப்ப உடம்பு ரெடியாத்தான் இருந்துச்சு, மனசுதான் வரலன்னுதான் சொன்னாரு. எங்க பையனுக்கு டிரெய்னரும் இல்ல, சம்பளமும் இல்ல. விடிகாலைல அடிவாரத்துல இருந்து 20 ஹேர்பின்னும் சைக்கிள் மிதிப்பான், பகல்ல தோட்ட வேல, சாயங்காலம் பிராக்டீஸ், ராத்திரி யூடியூப் பாத்து அவனே டயட் போட்டுக்குவான். அந்த அலுப்பு ஜெயிச்சவனுக்கு மட்டும்தான் வரணும்னு யாரு சட்டம் போட்டது? ஜெயிக்காதவனுக்கு அது ரெண்டு மடங்கா வரும்னுதான் எனக்குத் தோணுது.

இப்படி எழுதினதும் இன்னொரு பேரு ஞாபகம் வந்து தொந்தரவு பண்ணுது. சாட் ரீட் 2004லயும் 2008லயும் பட்டம் எடுத்துட்டு 2020 வரைக்கும், 38 வயசுல கூட ஸ்டார்ட்டிங் கேட்ல நின்னாரு. டஞ்சியே 2022ல திரும்ப வந்து அவுட்டோர் ஓட்டினாரு. அப்போ எங்க பையன் சொன்னது முடிவா, இல்ல கொஞ்ச காலம் தூங்கி எந்திரிச்சா சரியாகற களைப்பா? எனக்கு அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. அவன் அப்பாகிட்ட 'ஒரு வருஷம் சும்மா இருக்கட்டுங்க, அப்புறம் பாக்கலாம்'னு சொல்லியிருக்கலாமேன்னு ஒரு நாள் தோணும். அடுத்த நாளே, அப்படிச் சொல்லியிருந்தா அந்த ஒரு வருஷம் பூரா வீட்ல எல்லாரும் காலண்டரப் பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்க, அவன் ஓய்வே எடுத்திருக்க மாட்டான்னு தோணும்.

அவங்க அப்பா இப்ப என்கூட பேசறதில்ல. லோடு கீழ வந்தாலும் வேற வழியாப் போயிடறாரு. பையன் பேசறான். போன மாசம் போன் பண்ணி, நாகலூர் பக்கம் யாரோ ஃப்ரெண்டோட வண்டிய வாங்கி தோட்டப் பாதைல ஓட்டினானாம், "ரொம்ப நாள் கழிச்சு ஜாலியா இருந்துச்சுண்ணா"ன்னான். எனக்கு சந்தோஷத்தோட சேந்து பயமும் வந்துச்சு. திரும்ப ஓட்டறேன்னு அவன் வந்து நின்னா வண்டிய செட் பண்ணிக் குடுப்பேன், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஸ்பேனர கையில எடுக்கறதுக்கு முன்னாடி மேல ஏறிப் போய் அவங்க அப்பாவப் பாத்துட்டு வந்துதான் எடுப்பேன், அவர் பேசினாலும் சரி, பேசலேன்னாலும் சரி.