பேய்ப்பட டைரி: 2024 ஆடி மாதம், சேலம்

ஜூலை 20, சனி

மதியம் டிவியில் ஒரு பேய் காமெடிப் படம். பெயர் எதற்கு, பத்துப் படத்துக்கு இதே கதைதான். ஒரு பெரிய பங்களா, அதை விற்க வருகிற குடும்பம், ஒரு சமையல்காரர், ஒரு போலிச் சாமியார், இடைவேளைக்கு அப்புறம் செத்துப்போன பெண்ணுக்கு நீளமாக ஒரு ஃப்ளாஷ்பேக், கடைசியில் அம்மன் பாட்டு. 2011இல் 'காஞ்சனா' ஓடின ஓட்டத்தைப் பார்த்து எல்லோரும் இந்தப் பக்கம் வந்தார்கள். 2014இல் 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' இரண்டும் வந்து பாதையை அகலமாக்கின. இந்த மே மாதம் 'அரண்மனை 4' வரைக்கும் வந்தாச்சு.

எனக்கு இந்த வகைப் படம் என்றால் உயிர். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கடைக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் முதலில் தேடுவது பேய்ப் படம்தான். அதனால்தான் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. நகைச்சுவை நடிகர் கண்ணை உருட்டுகிறார், கத்துகிறார், விழுந்து எழுகிறார். ஆனால் அவருக்குப் பயமே இல்லை. அடுத்த காட்சியில் அதே அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பயப்படுகிறவன் நிஜமாகப் பயப்பட வேண்டும். அவனுக்கு உயிர் போகிற பயம் இருந்தால்தான் நமக்கு வயிறு வலிக்கிற மாதிரி சிரிப்பு வரும். இது என் கட்சி. இதை விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

அக்கா மகன் 'காதலிக்க நேரமில்லை' முழுசாகப் பார்த்ததே இல்லையாம். பத்தாவது படிக்கிற பையன். பிடித்து உட்கார வைத்தேன்.

நாகேஷ் அப்பா பாலையாவிடம் தன் படத்துக்கான பேய்க் கதையைச் சொல்கிற காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புதுசு. திரையில் பேய் இல்லை. பாழடைந்த பங்களாவும் இல்லை. ஓர் அப்பா, ஒரு மகன், அவ்வளவுதான். கதையில் வருகிற சத்தமெல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது. அவர் சும்மா சொல்லிக்கொண்டு போகிறார், கேமராவுக்கு வேலை பாலையாவின் முகத்தில். முதலில் 'என்னடா பெரிய கதை' என்கிற பணக்கார அலட்சியம். அப்புறம் காது கொஞ்சம் கூர்மையாகிறது. அப்புறம் அந்த மனுஷர் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறார். அவர் நாகேஷைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, நாகேஷ் சொல்கிற இடத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். அந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் உடைந்து சிரிப்பேன். பாலையா ஒரு நொடி கூட நம்மைச் சிரிக்க வைக்க முயற்சி செய்யவில்லை. அவர் பயப்படுகிறார், அவ்வளவுதான்.

அக்கா மகன் சோபாவிலிருந்து கீழே இறங்கி டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். "சித்தி, திருப்பிப் போடுங்க" என்றான். போட்டேன்.

படம் வந்தது 1964இல். இயக்குநர் ஸ்ரீதர் அதற்கு முந்தைய வருஷம்தான் 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்திருந்தார். முன்ஜென்மக் கதை, கல்யாண்குமார், தேவிகா, தொண்டு கிழமாகிப்போன ஜமீன்தாராக நம்பியார். இரண்டுக்கும் ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அதே 1964இல் வின்சென்ட் மலையாளத்துக்குப் போய், பஷீர் எழுதிய 'பார்கவி நிலைய'த்தை இயக்கினார். மலையாளத்தின் முதல் பேய்ப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆக, தமிழின் மிகச் சிறந்த பேய்க் காமெடிக் காட்சியை எடுத்த இருவருக்கும் பயத்தை எப்படிக் கட்டுவது என்பது அத்துப்படி. பயம் தெரிந்தவர்கள் கையில்தான் அந்தச் சிரிப்பு பிறந்தது. இன்றைக்கு இதை எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பயத்தில் அக்கறையே இல்லை.

ஜூலை 27, சனி. ஏற்காடு

அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது பஸ் ஜன்னலில் தலையை நீட்டாமல் நான் போனதில்லை. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோவில் இன்றைக்கு மிச்சம் கண்ணுக்குத் தெரிவது அந்த வளைவு ஒன்றுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இங்கே எடுத்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இந்த வளைவைப் பார்த்தால் நினைவுக்கு வருவது நம்பியார். 1950இல் 'திகம்பர சாமியார்' படத்தில் அவரை வேஷத்துக்கு மேல் வேஷம் போட வைத்தது இந்தக் கம்பெனிதான். 'நெஞ்சம் மறப்பதில்லை'யின் அந்தக் கிழட்டு ஜமீன்தாருக்குப் பயிற்சி எங்கள் ஊரில் நடந்தது என்று நான் நம்புகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் மேகத்துக்குள்ளேயே ஏறினோம். காபிச் செடியில் காய் இன்னும் பச்சை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி இருக்கிற இடமெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த ஈரத்துக்குத்தான் 'ஈரம்' கொண்டு வந்திருந்தேன்.

ராத்திரி லேப்டாப்பில் போட்டோம். அறிவழகன் இயக்கம், 2009. பேய்க்கு முகம் கிடையாது, தண்ணீர்தான் பேய். கதவடியில் வழிகிற தண்ணீர், கண்ணாடியில் இறங்குகிற துளி. மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவில் வானம் வெளுத்தே கிடக்கிறது, மொத்தப் படமும் மழைக்கால மத்தியானம் மாதிரி. பாதிப் படத்தில் தகரக் கூரை மேல் தடதடவென்று ஒரு சத்தம். அத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மரநாய் கண்ணு, பழம் தேடிட்டு ஓடுது" என்றார். எனக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனாலும் கையில் இருந்த காபி டம்ளர் ஆடியது. நல்ல பேய்ப் படம் நமக்குத் தெரிந்த சத்தத்தையே தெரியாத சத்தமாக மாற்றிவிடும்.

ஜூலை 28, ஞாயிறு. ஏற்காடு

காலையிலேயே அத்தையோடு வாக்குவாதம். அவருக்குச் 'சந்திரமுகி' பிடிக்காது. "பேய்னு இவ்ளோ நேரம் சொல்லிட்டு, கடைசியில மனசு சரியில்லைன்னு சொன்னா எப்படி கண்ணு? அப்போ இவ்ளோ நேரம் நான் எதுக்குப் பயந்தேன்?"

அதில் நியாயம் இருக்கிறது. 1993இல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' அந்த மனநோயைத்தான் கதையின் உயிராக வைத்திருந்தது. பி. வாசு அதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்து, பிறகு 2005இல் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஆட்டம், பாட்டு, சண்டை எல்லாம் கூடிவிட்டன. ஆனால் அத்தை ஒன்றை விட்டுவிடுகிறார். வடிவேலு. அந்தப் படத்தில் அவர் பயப்படுவதைக் கவனித்துப் பாருங்கள். குரல் முதலில் இறங்குகிறது. பெரிய மனுஷத் தோரணை அப்படியே இருக்கிறது, கால் மட்டும் வேறு பக்கம் போகிறது. பயத்தை வெளியே காட்டக் கூடாது என்று ஒரு மனுஷன் படுகிற பாடு அது. பேய் நிஜமா நோயா என்பது அவருக்குக் கவலையே இல்லை, அறைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்பதே போதும். பாலையாவுக்கு அடுத்து அந்த வரிசையில் நான் வைப்பது அவரைத்தான்.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பாட்டிலும் இதே பேச்சு.

ஆகஸ்ட் 1, வியாழன்

கடையில் வேலை அதிகம், படம் இல்லை. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

குண்டாக இருப்பவரை, கறுப்பாக இருப்பவரைக் காட்டி "பேயே உன்னைப் பார்த்து ஓடிடும்" என்கிற வசனம் இந்தப் படங்களில் வந்துகொண்டே இருக்கிறது. வெறுத்துப்போய்விட்டது. அது நகைச்சுவையே இல்லை. என் கடையில் உட்கார்ந்து கொலுசுக்குக் கண்ணி கோக்கிற பெண்கள் குழந்தைகளோடு போய்ப் பார்க்கிற படங்கள் இவை. தன்னைப் போல இருக்கிற ஒருத்தி திட்டு வாங்குவதைப் பார்த்துச் சிரிக்கத்தான் டிக்கெட் எடுக்கிறார்களா? 'காஞ்சனா'வில் சரத்குமார் நடித்த திருநங்கை வேஷம் ஏன் மனசில் நிற்கிறது? அந்த ஃப்ளாஷ்பேக் வரும்போது தியேட்டரில் சிரித்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள், நான் பார்த்தேன். காஞ்சனாவின் கதை இடத்தை நிரப்ப வந்த கதை இல்லை. அதனால்தான் அங்கே மட்டும் ஃப்ளாஷ்பேக் நீளமாகத் தெரியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இந்த வாரம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை. பேய்ப் படம் பிடித்தவர்கள் ஆடி மாதத்தில் சேலம் வந்து இதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வண்டிகளை ஜோடித்து, அதில் ஆட்கள் சாமி வேஷம், அசுரர் வேஷம் கட்டி வருவார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் தெரியும். கழுத்தில் பவுடர் நிற்கிற இடம், கிரீடத்தைக் கட்டிய நூல், காளிக்குப் பின்னால் மாட்டியிருக்கிற கூடுதல் கைகளின் அட்டை விளிம்பு. காளியாக இருந்தவர் வண்டி நின்ற நேரத்தில், உதட்டுச் சாயம் கலையாமல் ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு சின்னப் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் ஸ்ட்ராவை எடுத்தார். சிரிக்கவில்லை, கண்ணடிக்கவில்லை. நாக்கை நீட்டி, விழியை அப்படியே நிறுத்தினார். பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டது. ஒரு நிமிஷம் கழித்து மெதுவாக எட்டிப் பார்த்து மறுபடி சிரித்தது, மறுபடி ஒளிந்தது. வண்டி நகரும் வரைக்கும் இதே விளையாட்டு.

ஜூஸ் குடித்தவர்தான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தது, பயந்ததாலேயே சிரித்தது. அவர் ஒரே ஒரு தடவை கண்ணடித்திருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நேற்று சுதந்திர தினத்துக்கு வந்த 'டிமான்ட்டி காலனி 2'வை இன்றைக்கு ராத்திரிக் காட்சியில் பார்த்தோம். அக்கா மகனும் வந்தான்.

அஜய் ஞானமுத்துவின் முதல் பாகம் (2015) எனக்கு மிகவும் பிடித்த படம். அதில் நான்கு நண்பர்கள், ஒரே அறை. ஆரம்பத்தில் காசில்லாத பசங்களின் அரட்டையும் கிண்டலும். அதில் அவர்களோடு நன்றாகப் பழகிவிடுவோம். அப்புறம் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டதும், ஒவ்வொருவராகப் போகும்போது கிண்டல் எங்கே போச்சு என்று நெஞ்சு அடைக்கும். இரண்டாம் பாகம் பெரிய படம். அருள்நிதிக்கு இரட்டை வேஷம், பிரியா பவானி சங்கர், புத்த பிக்குகள், சீன உணவகம் என்று நிறைய விஷயங்கள். முடிச்சுகளை நன்றாகப் போட்டிருக்கிறார்கள், முதல் பாகத்தோடு கோர்த்த விதம் பிரமாதம். ஆனால் நண்பர்களின் அந்த அரட்டைக்கு ஈடாக இதில் எதுவும் இல்லை. கதையைத் தொடர்ந்துகொண்டு போனேன், ஆட்களுக்காகப் பதறவில்லை.

தியேட்டரில் சத்தம் தாங்க முடியவில்லை. எங்கே என்று எழுதப் போவதில்லை, இப்போது பல இடங்களில் இப்படித்தான். அமைதியாக இருக்க வேண்டிய காட்சியே அலறினால், அலற வேண்டிய இடத்துக்கு மிச்சம் என்ன இருக்கும்? 2009இல் 'யாவரும் நலம்' வந்தபோது லிஃப்ட் காட்சியில் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட். பூஜை அறையில் ஆணி இறங்காத சுவர். மதியம் ஒரு மணிக்கு வருகிற சீரியலில் அவர்கள் வீட்டுக் கதையே ஓடுகிறது. பெண்கள் அந்த சீரியலை உட்கார்ந்து பார்ப்பதில் எவ்வளவு சிரிப்பு இருந்தது! விக்ரம் குமார் அந்தச் சிரிப்பிலேயே பயத்தை ஊற வைத்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அக்கா மகன் இன்றைக்கு அவன் பங்குக்கு 'டிடி ரிட்டர்ன்ஸ்' போட்டான். போன வருஷம் வந்தது, பிரேம் ஆனந்த் இயக்கம், சந்தானம். இதை நான் மனசாரப் பாராட்டுவேன். பங்களாவுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பேய் வைக்கிற விளையாட்டில் தோற்றால் உயிர் போய்விடும். விதி தெளிவாக இருக்கிறது, எனவே பயமும் நிஜம். அதே நேரம் எல்லோருக்கும் அந்தப் பணப்பையின் மேல் கண். ஓடிவிடலாம், ஆனால் பணம் உள்ளே இருக்கிறதே! பயத்தையும் ஆசையையும் இப்படி ஒரே ஆளுக்குள் மோத விட்டால் வசனமே தேவையில்லை, முகமே போதும். ரெடின் கிங்ஸ்லி, முனீஷ்காந்த், மொட்டை ராஜேந்திரன் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

"இப்போ ஒத்துக்கிறீங்களா சித்தி, புதுசுலயும் நல்லது இருக்கு?" என்றான். நான் எப்போது இல்லை என்றேன்! எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எடுக்காதபோது கோபம்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். 'காஞ்சனா'வில் வீட்டில் பேய் இருக்கிறதா என்று சோதிக்க மாமியாரும் மருமகளுமாகக் கோவை சரளாவும் தேவதர்ஷினியும் இறங்குவார்களே, அந்த இருவரையும் வைத்து ஒரு முழுப் படம் வேண்டும். அதற்கு ஹீரோ வேண்டாம், குத்துப்பாட்டு வேண்டாம். ஏற்காட்டில் ஒரு ஓட்டு வீடு, மூன்று நாள் மழை, கரண்ட் இல்லை, மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேய் வந்தால் இரண்டு பேரும் பேசியே ஆக வேண்டும். யார் முதலில் பேசுவது என்பதிலேயே அரை மணி நேரம் ஓடும். முதல் நாள் முதல் காட்சிக்கு அத்தையையும் மலையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போவேன். "பேய் நிஜப் பேயா இருந்தா மட்டும் வரேன்" என்று ஃபோனில் இப்போதே நிபந்தனை போட்டுவிட்டார்.