பெரிய கோயில், காட்டுக் கோயில், களிசான் கோயில்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயிலுக்குப் போவார்கள், கோட்டைக்குள் மான் பார்ப்பார்கள், கன்னியாவில் வெந்நீர் அள்ளி ஊற்றுவார்கள், நிலாவெளியில் குளித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஊருக்குள் இருக்கிற வேதக் கோயில்களை, அதாவது கிறிஸ்தவ ஆலயங்களை, நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஊர்க்காரர்களே பார்ப்பதில்லை, பூசைக்குப் போகிறவர்களும் கட்டடத்தை நிமிர்ந்து பார்க்காமல்தான் உள்ளே போகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே மனவருத்தம் உண்டு.

புனித மரியாள் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1852இல் கட்டியது. எங்கள் வீட்டில் அது எப்போதும் 'பெரிய கோயில்'தான். முன்பக்கம் வான நீலம், ஐரோப்பாவில் இருந்து அப்படியே இறக்கி வைத்த மாதிரி வளைவும் தூணுமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டால் நடந்து பின்னுக்குப் போய்ப் பாருங்கள், ஓட்டுக் கூரையும் கோபுரமுமாக அது வேறொரு கட்டடம். முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அந்தப் பின்பக்கம் தெரியாது, எனக்கோ அந்த ஓடுகள்தான் கூடப் பிடிக்கும்.

அம்மா வீட்டார் கத்தோலிக்கர், அப்பா வீட்டார் புரட்டஸ்தாந்துப் பிரிவான மெதடிஸ்தர். அதனால் சின்ன வயதிலேயே இரண்டு விதமான கோயிலுக்குள்ளும் இருந்து பழகிவிட்டேன். ஒன்றில் சொரூபங்கள், மெழுகுதிரி, சாம்பிராணி, கண் போகிற பக்கமெல்லாம் ஏதோ ஒன்று இருக்கும். மற்றதில் வெள்ளைச் சுவர், பிரசங்க மேடை, திறந்த ஜன்னல், அவ்வளவுதான், காதால் கேட்பதற்கென்றே கட்டிய இடம் அது. கோயில் கட்டுகிறவர்கள் தங்களை அறியாமலே தாங்கள் யார் என்று கட்டடத்தில் எழுதிவிடுகிறார்கள், சனம் அதை வாசித்துவிட்டுப் பட்டப்பெயர் வைக்கிறது. அந்தப் பட்டப்பெயர்களை நான் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் இங்கிலாந்தின் லிவர்பூல். அங்கே கத்தோலிக்கர்களின் பேராலயம் ஒரு பெரிய வட்டக் கூடாரம், உச்சியில் முள்முடி மாதிரி ஒரு கிரீடம், 1967இல் திறந்தார்கள். முதலில் திட்டமிட்டது இதைவிடப் பல மடங்கு பெரியது. யுத்தமும் பணத் தட்டுப்பாடும் வந்து அந்தத் திட்டம் நிலவறையோடு நின்றுபோனது, பிறகு அந்த நிலவறைக்குப் பக்கத்திலேயே இந்தக் கூடாரம் எழுந்தது. நடுவில் பீடம், சுற்றிவர சனம், யாருமே பீடத்துக்குத் தூரமில்லை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பாடியின் விக்வாம்'. பாடி என்றால் ஐரிஷ்காரன், விக்வாம் அமெரிக்கப் பழங்குடிகளின் குடிசை. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஐரிஷ் ஏழைகளின் பிள்ளைகள்தான் அந்த ஊர்க் கத்தோலிக்கர்களில் பெரும்பகுதி, ஆகவே அந்தப் பெயரில் கொஞ்சம் குத்தலும் இருக்கிறது. மெர்சி ஆற்றுக்கு அடியில் போகிற சுரங்கப் பாதையான 'மெர்சி டனல்' பெயரைத் திருப்பி 'மெர்சி ஃபனல்', அதாவது மெர்சிப் புனல், என்றும் சொல்வார்கள். கவிழ்த்து வைத்த புனலேதான் அது.

இன்னொரு விஷயம். அதே வீதியின் மறுமுனையில் அங்கிலிக்கன் பேராலயம் நிற்கிறது, மலை மாதிரி, செங்கல் நிறக் கல்லில். அதை வரைந்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்கொட் ஒரு கத்தோலிக்கர், போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 22. கத்தோலிக்கக் கூடாரத்தை வரைந்த பிரெடரிக் கிபர்ட்டோ கத்தோலிக்கர் இல்லை. இரண்டு கோயிலுக்கும் நடுவில் ஓடுகிற வீதியின் பெயர் ஹோப் ஸ்ட்ரீட். இரண்டு சபைக்கு நடுவில் பிறந்த எனக்கு அந்த வீதியில் ஒருநாள் நடக்க வேண்டும் என்று ஆசை.

பெர்லினில் 1943இல் குண்டு விழுந்து உடைந்த கைசர் வில்ஹெல்ம் கோயிலுக்கு 'ஓட்டைப் பல்' என்று பெயர். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தார்கள், சனம் விடவில்லை. உடைந்த கோபுரத்தை அப்படியே விட்டு அதன் பக்கத்தில் 1961இல் நீலக் கண்ணாடிக் கட்டிகளால் புதியது கட்டினார்கள், அதற்கு 'லிப்ஸ்டிக்கும் பவுடர் டப்பாவும்' என்று பெயர் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மரியாள் பேராலயத்தின் கூரை சலவை இயந்திரத்துக்குள் சுழலுகிற பாகம் மாதிரி இருப்பதால் அந்த இயந்திரக் கம்பனியின் பெயரைச் சேர்த்து 'மேடாக் மாதா' என்கிறார்கள். ஜாவாவில், போரோபுதூருக்குக் கிட்ட, ஒருவர் புறா வடிவில் செபவீடு கட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் 'கோழிக் கோயில்' என்றார்கள், இன்றைக்கும் அதுதான் பெயர்.

சரி, தமிழுக்கு வருவோம். சென்னை மயிலாப்பூரில் போர்த்துக்கீசர் கட்டிய லஸ் கோயிலுக்குக் 'காட்டுக் கோயில்' என்று பெயர். கல்லில் இருக்கிற ஆண்டு 1516, அப்போது அது காடு. இன்றைக்கு அங்கே காடு எது, எல்லாம் கடையும் வாகனமும், ஆனாலும் காடு பெயரில் நிற்கிறது. பாளையங்கோட்டையில் 'ஊசிக் கோபுரம்' இருக்கிறது. அதே ஊரில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்'. மராத்திப் பிராமணக் குலத்தில் பிறந்து விதவையான குளோரிந்தா கட்டுவித்தது, 1785இல் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர் அர்ப்பணித்தார். ஒரு பெண்ணை வைத்துச் சனம் ஒரு கோயிலை நினைவு வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

வடக்கன்குளம் கோயிலின் கதை இவ்வளவு இதமானது இல்லை. திருநெல்வேலிப் பக்கம், 1872இல் கட்டியது. இரண்டு நீண்ட மண்டபங்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து பீடத்தில் சேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். பீடத்தில் நிற்கிற குருவானவர் இரண்டு பக்கத்தையும் பார்க்கலாம், இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைப் பார்க்கத் தேவையில்லை. வரைபடத்தைப் பார்த்தால் கால்சட்டை, பெயரும் அப்படியே வந்துவிட்டது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் களிசான் கோயில். 1910இல் குருமார் நடுத் தடுப்பை எடுத்தார்கள், அதற்கு எதிராக வழக்குப் போட்டவர்கள் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சாதியைச் செங்கல்லால் கட்டி நடுவில் நற்கருணையை வைத்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் ஆட்களை இடம் பிரித்து இருத்திய காலம் இருந்தது. அதற்கென்று யாரும் தனியாக ஒரு கட்டடத்தை வரையவில்லை, அதனால் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

கல்லைப் பற்றிப் பேசும்போது நம்ம கோட்டையைத் தாண்டிப் போக முடியாது. போர்த்துக்கீசர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை எழுந்தது. வாசலில் இன்றைக்கும் இரட்டைக் கயலும் பழைய தமிழ் எழுத்தும் செதுக்கிய கல் இருக்கிறது. வேதக்காரனாக அந்த வாசலால் போகிறபோது இதை மறந்துவிட்டு நடக்க நான் விரும்புவதில்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய குருஸ் கேர்க் என்ற கோயில் 1990 சண்டையில் கல்லுக் குவியலானது. மாறாக, கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தில் கண்டிய அரசவை மண்டபத்தின் பாணியில் செதுக்கிய கல்தூண்கள் நிற்கின்றன. இந்த நாட்டில் கட்டிய கோயில் இந்த நாட்டுக் கோயில் மாதிரி இருக்கலாம் என்று நினைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

திருகோணமலையில் இப்போது தகரக் கூரைக்குக் கீழும், வீட்டு முன்ஹோலிலும், கடைக்கு மேல்மாடியிலும் சபைகள் நடக்கின்றன. அவற்றையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். பிளாஸ்டிக் கதிரையும் ஸ்பீக்கர் பெட்டியும் வைத்து இருக்கிற காசுக்குத் தொடங்கியவர்கள் அவர்கள், பெரிய கோயில்களும் ஒருகாலத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கியவைதானே.

எனக்குக் கோபம் வருவது பழைய கோயில்களைத் 'திருத்துகிறவர்கள்' மீது. வெளிநாட்டிலிருந்து காசு வந்தவுடன் சுண்ணாம்புச் சுவரை உரித்து, பளிங்கு மாதிரி மினுங்குகிற டைல்ஸ் ஒட்டி, மர ஜன்னலைக் கழற்றி அலுமினியம் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், பழைய மரக் கதவை விறகுக்குக் கொடுத்துவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு வேண்டும், டைல்ஸ் ஒட்டினால் உள்ளே ஈரம் தேங்கிச் சுவர் உப்பும், கடற்கரை ஊரில் இன்னும் வேகமாக உப்பும். திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடங்குவதற்கு முன் நாலு மூலையிலும் நின்று படம் எடுத்து வையுங்கள், பழைய சுவரில் கை வைத்த அனுபவமுள்ள ஒரு மேசனைக் கூட்டி வந்து காட்டுங்கள், கதவு ஜன்னலை வெளியே கொடுக்காமல் கோயில் வளவுக்குள்ளேயே அடுக்கி வையுங்கள்.